தகரத்துக்கு உள்ளே ஒரு லாட்ஜ்

போன வாரம் ஒரு கல்யாணத்துக்காகக் காஞ்சிபுரம் போயிருந்தேன். தங்கியது சின்ன காஞ்சிபுரத்தில், வரதர் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு லாட்ஜ்.

காலையில் காபி குடித்துக்கொண்டிருக்கிறேன்... வாசலில் நெல்லூர் பஸ் வந்து நின்றது. முதலில் இறங்கிய அம்மாள் கோபுரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக உள்ளே வந்து, லாட்ஜை நடத்தும் மேரியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர்!

பெருமாளைச் சேவிக்க வந்தவருக்கு மேரியிடம் என்ன அவசரம்? கேட்டேன். மேரியே சொன்னார்.

முதல் லாக்டவுன் சமயம். மேரி அப்போது அங்கே ரிசப்ஷனிஸ்ட். இந்த அம்மாள், பெயர் சுப்பம்மா, ஒரு பஜனை கோஷ்டியோடு தங்கியிருந்தார். திடீரென்று பஸ், ரயில் எல்லாம் நின்றது. சென்னையிலிருந்து ஓனர் போன் பண்ணினார்.

"எல்லாரையும் காலி பண்ணச் சொல்லிட்டுப் பூட்டிடும்மா. நமக்கு எதுக்கு வம்பு?"

"எங்க சார் போவாங்க? ரோட்லயா?"

"உன் வேலை போயிடும், பார்த்துக்கோ."

"போனா போவட்டும் சார்."

அடுத்த வாரமே சுப்பம்மாவுக்குக் காய்ச்சல். பாசிட்டிவ்! ஆம்புலன்ஸ் வந்து அழைத்துப் போனது. லாட்ஜ் வாசலில் தகரம் அடித்துவிட்டார்கள். மேரியும் உள்ளேதான். கணவர் காய்கறிப் பையைத் தகரத்துக்கு மேலே நீட்டுவார். மகள் அந்தப் பக்கம் நின்று, "எப்பம்மா வருவே?" என்று கத்துவாள்.

"சிரிச்சிக்கினே பதில் சொல்லுவேன் சார். அவ போன பிறகுதான் அழுவேன்."

தெருவுக்குத் தெரு தெலுங்கு கேட்கும் காஞ்சிபுரத்தில் வளர்ந்தவருக்கு அந்த பாஷை தெரியாதா என்ன? உள்ளே இருந்தவர்களோடு பேசி, சேர்ந்து சமைத்து, ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லி... சுப்பம்மா பிழைத்து வந்தார். அனுமதி கிடைத்து, கோஷ்டி ஊருக்குக் கிளம்பியது.

ஓனர் சொன்னதைச் செய்தார் — லாட்ஜுக்குப் பூட்டு, மேரிக்கு வேலை இல்லை. வெளியூர் ஆளே வராத ஊரில் வேறு எந்த லாட்ஜ் வேலை கொடுக்கும்? வீட்டில் உட்கார்ந்து மாஸ்க் தைத்தார்.

கோயில்கள் திறந்த பிறகும் ஓனருக்கு நம்பிக்கை வரவில்லை. கட்டடத்தைப் பட்டுக்கடை குடோனுக்கு விடப் பேசிக்கொண்டிருந்தார். மேரி நேரே போய் நின்றார்.

"எனக்கு லீஸுக்குக் குடுங்க சார். நான் நடத்துறேன்."

"யாரும்மா வரப்போறாங்க?" சிரித்தாராம்.

அவர் எதிரிலேயே மேரி நெல்லூருக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். விஷயத்தைக் கேட்டதும் சுப்பம்மா தெலுங்கில் முழங்கினார்: "நீ கதவைத் திற மேரிம்மா! ஜனங்களை நான் கூட்டிக்கொண்டு வருகிறேன்."

குடோன் பேச்சு அதோடு சரி.

முதலில் ஒரு வேன் வந்தது. அப்புறம் பஸ். ஒரு கோஷ்டி சொல்லி இன்னொரு கோஷ்டி... இப்போது வாரம் தவறுவதில்லை. கொரோனாவில் வேலை இழந்த பக்கத்து லாட்ஜ் ஆட்கள் சிலர் இன்று மேரியிடம்தான் வேலை பார்க்கிறார்கள்.

ஏசி, டிவி எல்லா இடத்திலும் கிடைக்கும். ஆபத்தில் வெளியே தள்ளாத இடத்தை மட்டும் ஜனங்கள் மறப்பதே இல்லை.

ஓனர்? குடும்பத்தோடு வரதரைச் சேவிக்க வருவதாகப் போன மாதம் போன் பண்ணினாராம். மேரி சொன்ன பதில்: "தாராளமா வாங்க சார்... ஆனா முன்னாடியே புக் பண்ணிடுங்க. சனி, ஞாயிறு ரொம்ப கஷ்டம்!"