லோகேஸ்வரி ஒட்டிய பூச்சுவர்

என் பக்கத்து வீட்டு லோகேஸ்வரி பைராம் தோட்டத்தில் பிறந்தவள். புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் வேலை. கல்யாணம் முறிந்தபின் ஜார்ஜ் டவுனுக்கு வந்து எங்கள் அடுக்குமாடியில் ஓர் அறை எடுத்துக்கொண்டாள். ஒன்பது வயது மகள் அதிரா நிபோங் திபாலில் அப்பாவோடு இருக்கிறாள்.

மாதம் ஒரு சனிக்கிழமை அதிரா வருவாள். பிள்ளைக்கு விருப்பமிருந்தால் ராத்திரி தங்கலாம் என்று பேச்சு. ஒரு வருடமாக ஒரு ராத்திரிகூடத் தங்கவில்லை. கேட்டதற்கு, “ரூம் கிளினிக் மாதிரி இருக்கும்மா” என்றாளாம். எனக்குத்தான் கோபம் வந்தது. லோகா அந்த வெள்ளைச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயம் பூசக்கூடாது, ஆணி அடிக்கக்கூடாது என்பது வீட்டுக்காரரின் சட்டம். மகாராஜா அரண்மனை பாருங்கள்! அதனால் லோகா காகிதப் பூவில் இறங்கினாள். சீனக் கடையொன்றில் ஐந்து நிறக் காகிதம் கட்டுக்கட்டாக, கொள்ளை மலிவாகக் கிடைத்ததாம். வேலைவிட்டு வந்து மூன்று நாள் வெட்டினாள், ஒட்டினாள்.

சனிக்கிழமை மத்தியானம், “ரோஹானாக்கா, வந்து பாருங்களேன்” என்று கூப்பிட்டாள்.

கட்டிலுக்கு மேலே சுவர் முழுக்கப் பூ. அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் நான் இந்த ஊரிலேயே பிறந்தவள். என் வாய் சும்மா இருக்குமா?

“இத எங்கடி வாங்குன? ஏப்ரல்ல சீனவங்க கல்லறைக்குப் போறப்போ சமாதி மேல வைக்கிற பேப்பர்லா இது!”

“அவங்களுது தங்கக்கலர் பேப்பர்தானேக்கா?”

“அது எரிக்கிறது லா. இது சமாதி மேல பரப்புறது.”

அவள் முகம் தொங்கிப்போயிற்று. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு. ஒரு பூவைப் பிய்க்கக் கையைத் தூக்கினாள். அதற்குள் வாசலில் அதிராவின் குரல் கேட்டது.

பின்னாலேயே அவள் அப்பா மோகனராஜும் உள்ளே வந்தார். சுவரைப் பார்த்தார்.

“என்ன இது, கல்லறை பேப்பர ஒட்டி வச்சிருக்க? பிள்ளை படுக்கிற எடமா இது?”

லோகா மகளைப் பார்த்துச் சொன்னாள்.

“ஆமாம்மா, அந்தப் பேப்பர்தான். அம்மாவுக்குத் தெரியாமப் போச்சு. ஒனக்குப் பயமா இருந்தா இப்பவே பிச்சிர்றேன்.”

அதிரா செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டில்மேல் ஏறினாள். பூக்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

“எல்லாம் நீங்களே வெட்டுனதா?”

“ம்.”

“இந்தப் பக்கம் மஞ்சள் பத்தலம்மா. பேப்பர் இன்னும் இருக்கா?”

இருந்தது. கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டு பிள்ளை சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டது.

“ஆறு மணிக்குக் கெளம்பணும் அதிரா,” என்றார் மோகனராஜ்.

“இவ்ளோ இருக்கேப்பா. நாளைக்கு வாங்களேன்.”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். “மாத்துத் துணிகூடக் கொண்டு வரலையே” என்றார், பாதி சம்மதமாக.

“இருக்கு” என்று லோகா அலமாரியைத் திறந்தாள். இரவு உடுப்பு, விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல். மகள் முதல்முதலாக வந்த வாரம் வாங்கியதாம். அதிரா சட்டைமேலேயே போட்டுப் பார்த்தாள்; கால் கணுக்காலுக்கு மேலேயும், கை மணிக்கட்டுக்கு மேலேயும் நின்றது.

“சின்னதாப் போச்சேம்மா” என்றாள் லோகா. கையை இழுத்து இழுத்துவிட்டாள்.

“பரவால்லம்மா” என்று அதிரா பொத்தான்களைப் போட்டுக்கொண்டாள்.