சங்கற்பத்தில் சொன்ன ஆறு

மெல்பேர்ண் நகரின் நோபல் பார்க்கில் வீடு வாங்கிய நாளிலிருந்து மாதச் சதுர்த்தியில் பிள்ளையாருக்கு நானே பூசை செய்கிறேன். முதலில் சங்கற்பம் சொல்ல வேண்டும். எந்த நாட்டில், எந்த ஆற்றங்கரையில் இருந்து கும்பிடுகிறோம் என்று சுவாமிக்கு அறிவிப்பதுதான் அது. மெல்பேர்ண் என்றால் யாரா ஆறுதானே என்று ஏழு வருஷமாக அதையே சொல்லி வந்தேன்.

போன மாதம் நூலகச் சுவரில் ஒரு பழைய வரைபடம் கண்டேன். எங்கள் பகுதி அந்தக் காலத்தில் தனிக் கிராமசபையாம். எங்கள் தெரு இருக்கும் இடத்தில் மாட்டுப் பட்டியும் முட்டைக்கோவாத் தோட்டமும். யாரா அந்தப் பக்கமே வரவில்லை. எங்கள் பின்வேலிக்கு அப்பால் ஓடும் சின்ன ஓடைதான் நீலக் கோடாகத் தெற்கே இறங்கியது.

மகளின் வேலைக்கும் மனைவியின் முழங்காலுக்கும் கும்பிட்டதெல்லாம் எங்கே போய்ச் சேர்ந்ததோ?

மனைவிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ஏழு வருஷமாப் பிள்ளையாருக்குப் பிழையான அட்ரஸ் குடுத்திருக்கிறீங்கள்!"

"சிரிக்காதையும். உம்மட முழங்காலுக்கும்தான் கும்பிட்டனான்."

"அதுதான் இன்னும் நோகுது. ஆனா பிள்ளைக்கு வேலை கிடைச்சதெல்லே? அவர் விசாரிச்சு வந்திருக்கிறார்."

அந்தச் சொல்லில் மனம் ஆறியது. கிராமசபை பிறகு பெரிய நகரசபையோடு சேர்ந்து மறைந்துவிட்டது. ஓடை அங்கேயே கிடக்கிறது. இந்தச் சதுர்த்திக்கு அதன் பெயரைச் சத்தமாகச் சொன்னேன். தீபம் காட்டி முடித்ததும், "முழங்கால் எப்படி?" என்றேன்.

"பொறுங்கோவன், இப்பதானே வீட்டைக் கண்டுபிடிச்சவர்!"