ஸ்வீடனில் எனக்கு ஆறு மாசம்

வெளிநாட்டுப் பேராசிரியரை வரவேற்று, ஊர் சுற்றிக் காட்டி, வயிறு கெடாமல் திருப்பி அனுப்பும் வேலைக்கு யாரும் விளம்பரம் கொடுப்பதில்லை. கல்லூரியில் எவனுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வருமோ அவன் தலையில் கட்டிவிடுவார்கள். அப்படிக் கட்டப்பட்ட தலை உங்களுடையதும் என்றால், வாருங்கள், சேர்ந்தே பெருமூச்சு விடுவோம்.

மெட்ராஸ் ஸ்டேட் தமிழ்நாடு ஆன புதுசில் நான் தஞ்சாவூர்க் கல்லூரி ஒன்றில் தாவரவியல் டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்தேன். ஸ்வீடனில் ஒரு பல்கலைக்கழகத்தோடு எங்களுக்கு ஒப்பந்தம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் அறிவியலை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று காட்ட அங்கிருந்து ஒருவர் இரண்டு மாதம் வருவார்; பதிலுக்கு இங்கிருந்து ஒருவர் ஆறு மாதம் போவார். அந்த ஒருவர் நானாக இருக்க வேண்டும். இதைத் தவிர எனக்குப் பெரிய ஆசை எதுவும் கிடையாது என்று பெண் பார்க்கப் போன இடத்திலேயே சொல்லிவிட்டேன், அப்படியும் பெண் கொடுத்தார்கள்.

ஏரி மேல் நடப்பவர்

முதலில் வந்தவர் லிண்ட் என்ற ஒல்லி மனிதர். தஞ்சாவூர்ப் புது ஆற்றில் தண்ணீர் வந்த வாரம். கரையில் உட்கார்ந்து, எங்கள் ஊரில் குளிர்காலத்தில் உறைந்த ஏரி மேலேயே நடந்து கல்லூரிக்குப் போவோம் என்றார். நாங்களும் சித்திரையில் ஆற்றுக்குள்ளேயே நடந்துதான் அக்கரைக்குப் போவோம், ஆனால் மணலில் என்றேன். சிரித்தவர், ஒரு குச்சியால் தரையில் அந்த ஊரையே வரைந்தார். ஏரி, ரொட்டிக்கடை, ஏழு நிமிஷம் முந்தி ஓடும் மாதா கோயில் கடிகாரம், அதைத் தாண்டி பச்சைக் கதவு வைத்த கல்லூரி.

நான் அதை அப்படியே நோட்டில் எடுத்துக்கொண்டேன். வினை அங்கேதான் பிடித்தது. பையன்கள் செம்பருத்தியை வெட்டி மகரந்தம் தேடிக்கொண்டிருக்க, நான் கையில் பிளேடோடு ஏரி மேல் போய்க்கொண்டிருப்பேன். காலடியில் மீன்கள் உறங்கும். கடிகாரம் அடிக்கும், ஏழு நிமிஷம் கழித்துக்கொள்வேன். அந்த வருஷம் எங்கள் துறைத்தலைவரே தன் பேரை எழுதிக்கொண்டு கிளம்பினார். ரயிலடியில் என் தோளைத் தட்டிச் சொன்னார்: "உனக்கென்னப்பா, வயசு கெடக்கு. எனக்கு ரிட்டயர்மென்ட் வந்துடும்ல?"

நாலு முளையும் ஒரு கயிறும்

அடுத்து வந்தவர் காரின் என்ற அம்மையார். நாலு முளை அடித்துக் கயிறு கட்டி, சதுரத்துக்குள் எத்தனை வகைப் புல்பூண்டு முளைத்திருக்கிறது என்று எண்ண வைப்பது அவருடைய பாடம். பத்துப் பள்ளி ஆசிரியர்களோடு, திருப்பனந்தாளுக்குப் பக்கத்தில் என் சொந்த ஊருக்கே கூட்டிப்போனேன். என் அப்பா கூலிக்கு நாற்று முடிச்சு சுமந்த வயல்தான். அறுப்பு முடிந்து சும்மா கிடந்தது.

நில உச்சவரம்புச் சட்டம் பற்றி ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த காலம் அது. வெள்ளைக்கார அம்மா, முளை, கயிறு, கையில் நோட்டு. கேட்க வேண்டுமா? மிராசுதாரின் காரியஸ்தர் இளநீரோடு ஓடி வந்து, "எல்லாம் உச்சவரம்புக்குள்ளதாங்க இருக்கு" என்றார். எதிர்ப்பக்கம் குத்தகைக்காரர்கள் செங்கொடியோடு வந்து, "சாகுபடி பண்றவங்க பேரை எழுதுங்கம்மா" என்றார்கள். எல்லோரும் பாடம் கேட்க வந்திருக்கிறார்கள் என்று காரின் அம்மையாருக்கு ஒரே பூரிப்பு. அவர்கள் கையிலேயே கயிற்றைக் கொடுத்துவிட்டார். காரியஸ்தர் ஒரு முனை, கொடி பிடித்தவர் மறுமுனை. அரை மணி நேரம் ரெண்டு கட்சியும் ஒன்றாகக் குனிந்து கோரை எண்ணியதை இந்தக் கண்ணால் பார்த்தேன்.

அப்புறம் யாரோ கயிற்றை இழுக்க, தள்ளுமுள்ளாகி, போலீஸ் ஜீப் வந்தது. தாசில்தார் கல்லூரிக்குக் கடிதம் எழுதினார், ஸ்வீடன் போகிறவர்கள் பட்டியலிலிருந்து என் பேர் போனது. அந்த வருத்தத்தைவிடப் பெரிசாக ஒன்று மனதில் தங்கிவிட்டது. ஊரில் ரத்தினம் என்று ஒரு குத்தகைக்காரர். இருபது வருஷமாக உழுத நிலத்தில் அவர் பேர் ஒரு காகிதத்திலும் கிடையாது. புல் எண்ணத்தான் வந்தோம் அண்ணே என்று அவரிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். அவர் என்னையே பார்த்தார். "பொய் சொல்லாத தம்பி. புல்லை எண்ண சீமையிலேருந்தா ஆள் வரும்?"

உப்பும் பனியும்

மூன்றாமவருக்குப் பறவைப் பைத்தியம். கோடியக்கரைக்கு பஸ்ஸில் போனோம். தூரத்தில் பூநாரைகள் நின்றிருந்தன. இந்தப் பக்கம் உப்பளம், கண் போகிற வரைக்கும் வெள்ளை. பனி இப்படித்தான் இருக்குமா என்றேன். அவர் நின்று யோசித்தார். ஏறக்குறைய இப்படித்தான், ஆனால் பனி விழுந்தால் ஊரில் சத்தம் அடங்கிவிடும் என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டு வரப்பில் நடந்தேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த வெயிலில் காது குளிர்ந்தது.

அதற்குள் ஸ்வீடன் போகிறவர்கள் எல்லோரும் என்னிடம் வழி கேட்டுக்கொண்டு போவது வழக்கமாகிவிட்டது. அந்த வருஷம் வாய்ப்பு வேதியியல் மகாலிங்கத்துக்கு. எங்கள் கல்லூரிக்கு மாற்றலாகி வந்து ரெண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ரொட்டிக்கடையில் திரும்பு, கடிகாரத்தை நம்பாதே என்று அவருக்கும் எழுதிக் கொடுத்தேன். திரும்பி வந்ததும் ஓடிப்போய், ஏரி எப்படி சார் என்றேன். "எங்க பாத்தேன்? மத்தியானமே இருட்டிடுது. ரூம்லயே சாம்பார் வச்சுக்கிட்டுக் கெடந்தேன்."

கடைசிப் பட்டியல்

ஐம்பது தாண்டினால் கிடையாது என்று இடையில் ஒரு விதி வந்திருந்தது. எனக்கு நாற்பத்தொன்பது. அந்த வருஷம் வந்தவர் எரிக் என்ற இளைஞர். டீ குடித்துக்கொண்டே, அந்தக் கடிகாரம் இன்னும் ஏழு நிமிஷம் முந்தித்தான் ஓடுகிறதா என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் மலர்ந்து, நீங்கள் எந்த வருஷம் அங்கே இருந்தீர்கள் என்றார். இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. டீ ஆறும் வரைக்குமாவது போய்வந்தவனாக இருப்போமே என்று சிரித்து வைத்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

எரிக் இதை ஆள் தேர்ந்தெடுக்கும் கமிட்டியில் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். ஒருமுறை போனவருக்கு மறுமுறை கிடையாது என்று என் பேரை அடித்து, பட்டியலைச் சென்னைக்கும் அனுப்பிவிட்டார்கள். கல்லூரி முதல்வர் அறைக்கு ஓடினேன். முதல்வர் வேறு யாருமில்லை, அதே மகாலிங்கம்தான். நான் தஞ்சாவூரைத் தாண்டி அதிகபட்சம் மெட்ராஸ்வரைதான் சார் போயிருக்கிறேன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "நீங்க போனதில்லைன்னா யாருய்யா நம்புவா? நானே உங்ககிட்ட வழி கேட்டுக்கிட்டுத்தானே போனேன்."

ஆகவே, என் இனத்தவரே, எந்த ஊருக்குப் போக உயிரை விடுகிறீர்களோ அந்த ஊரைப் பற்றி வாயே திறக்காதீர்கள், டிக்கெட் கிடைத்தாலும் கிடைக்கும்.