மேல் பக்கம் எது

ரொட்டிப் பொட்டலத்தின் மேல் கறுப்புப் பேனாவால் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி போட்டுவிட்டுத்தான் அதை அலமாரியில் வைப்பாள். தண்ணீர் பாட்டில், மாத்திரை டப்பா, எதுவும் தப்பாது. "என் நெத்தியிலயும் ஒண்ணு போட்டு வெச்சுடு. செத்தா தலைகீழா பொதைச்சிடப் போறாங்க" என்பார் கணவர். அவள் சிரிக்காமல் பேனாவை மூடுவாள்.

ஏரியின் அடியில் குழாய் இறக்கி எடுத்த சேற்றை வைத்துப் பழங்காலத்துக் குளிரையும் வெயிலையும் கண்டுபிடிப்பது அவள் வேலை. அடியில் கிடப்பது மூத்தது, மேலே இளையது. வெளிர்ச் சேறு வெப்பக் காலம், கருஞ்சேறு குளிர் மிகுந்த காலம். ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு 'அம்புக்கா' என்று பெயர்.

அன்று ஒரு சாண் நீளச் சேற்றுத் துண்டின் உறையைப் பிரிக்கும்போது போன் அடித்தது. பள்ளியில் மகளுக்குக் காய்ச்சல். கணவரைப் போகச் சொல்லிவிட்டுத் திரும்பினால், அம்பு போட்ட உறை குப்பைக்கூடையில், சேறு மேசையில். எது மேல் பக்கம்? குழாயின் அடியிலிருந்த கடைசித் துண்டு அது. அதற்கு மேலே இருந்தது எடுக்கும்போதே கரைந்துவிட்டது. ஒட்டிப் பார்க்கவும் வழியில்லை.

துண்டின் நடுவில் நூல் போல எரிமலைச் சாம்பல். ஒரு புறம் வெளிர், மறுபுறம் கருமை. கருமை மேலே என்றால், எரிமலை வெடித்து வெயிலை மறைத்த பிறகே குளிர் வந்தது. மூன்று வருடமாக அவள் அடித்துச் சொல்லி வருவது அதைத்தான். கருமை கீழே என்றால் எரிமலைக்கு முன்பே குளிர் வந்துவிட்டது. வேறு காரணம் தேட வேண்டும், முதலிலிருந்து.

"உங்களுக்குத் தோதா வெச்சுக்கோங்க அம்புக்கா. யாருக்குத் தெரியப் போவுது?" என்றார் மைக்ரோஸ்கோப்காரர்.

"சேத்துக்குத் தெரியுமே. சாம்பல் ஏரியில விழுந்தா பெரிய மணி முதல்ல இறங்கி அடியில படியும், பொடி பின்னாலதான் வரும். பெருசு எந்தப் பக்கம்னு பாருங்க."

சாம்பலோடு மெல்லிய சீவலாக வெட்டிக் கொடுத்தாள். அவர் குனிந்தார். திருகினார். மறுபடி குனிந்தார்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்லித் தொலைங்களேன்!"

"பெருசெல்லாம்... கறுப்புப் பக்கம்க்கா."

தானும் பார்த்தாள். நிமிர்ந்தபோதுதான் கவனித்தாள்: மேசையில் துண்டைக் கருமை மேலே இருக்கும்படி வைத்திருந்தது அவளுடைய கைதான்.

"இன்னொரு சீவல் வெட்டிப் பாப்பமா?"

அவள் துண்டைத் திருப்பி வைத்தாள். புது உறை சுற்றி, கருமையிலிருந்து வெளிரை நோக்கி ஓர் அம்பு போட்டு, மை காயும்வரை ஊதினாள்.