அப்பாவின் பேர் வரும் இடம்

எனக்குத் திக்குவாய். இதை முதலே எழுதிவிடுகிறேன், வாயால் சொல்லப் போனால் பொழுது பட்டுவிடும். எழுத்தில் மட்டும் நான் பெரிய வாயாடி.

எல்லா எழுத்தும் எனக்குத் தடக்காது. 'க' ஒன்றுதான் சத்துரு. வேலை செய்வதோ கல்முனையில், ட்ரக்டர் சாமான் விற்கும் கடையில். டெலிபோனை எடுத்து 'கல்முனை' என்று சொல்ல வெளிக்கிட்டால் அவ்வளவுதான். சம்மாந்துறையிலிருந்து கோல் எடுத்த வயல்காரர் நாலு தரம் "ஹலோ, ஹலோ" என்று கத்திவிட்டு வைத்துவிடுவார்.

அதைவிடப் பெரிய வில்லங்கம், அப்பாவின் பேரும் 'க'வில்தான் தொடங்கியது. இங்கே முழுப்பேர் கேட்டால் அப்பாவின் பேரைச் சொல்லிவிட்டுத்தான் நம்முடைய பேருக்கு வரவேண்டும். பள்ளிக்கூடம், அடையாள அட்டை, ஆஸ்பத்திரித் துண்டு, எங்கே போனாலும் அந்த இடத்தில் கண் பிதுங்க நிற்பேன். அப்பா பக்கத்தில் நின்று தன் பேரைத் தானே சொல்லிவிடுவார். வெளியே வந்ததும், "எனக்கு வேற எழுத்தில பேர் வெச்சிருக்கலாம், எங்கட ஆக்களுக்கு அந்த மூளை இல்ல" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது. சிரித்தாலும், தன் பேர் மகனின் தொண்டையில் சிக்குகிறதே என்று அந்த மனுசன் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

அப்பா செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை. பாண்டிருப்புக் கடற்கரையில் குந்தியிருந்து, விரலில் தர்ப்பை போட்டு, ஐயர் சொல்லும் மந்திரத்தைத் திருப்பிச் சொல்லி, எள்ளும் தண்ணீரும் விடவேண்டும். நடுவிலே அப்பாவின் பேர் வரும். ஒரே ஆம்பிளைப் பிள்ளை நான்தான்.

"தர்ப்பைய அத்தானிட்டக் குடுத்தா உனக்குப் பதிலா அவர் சொல்லுவார்தானே. சனமெல்லாம் பாத்துக்கொண்டு நிக்கும்" என்றாள் அக்கா. அத்தான் என்றால் அவளுடைய புருஷன், மணி போலக் கதைக்கிறவர். அன்பில்தான் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உயிரோடு இருந்தபோது அவர் பேரை நான் ஒருநாளும் ஒழுங்காகச் சொல்லவில்லை. செத்த பிறகும் வேறொரு ஆள் சொல்வதா?

ஐயரிடம் போனேன். கேட்க வேண்டியதைக் கடதாசியில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். இந்த மந்திரத்துக்கு என்ன அர்த்தம்? விளங்காத சமஸ்கிருதத்தை நான் ஏன் சொல்லவேண்டும்? நீங்களே சொன்னால் காணாதா, போதாதா?

கண்ணாடியைப் போட்டு ஆறுதலாக வாசித்தார். "அஸ்மத் பிதரம் எண்டா எங்கட அப்பாவ. தர்ப்பயாமி எண்டா, திருப்திப்படுத்துறன், தாகம் தீர்க்கிறன். அதுக்கு முன்னால பேரச் சொல்லிக் கூப்பிடுறது. அவ்வளவுதான் தம்பி. கூப்பிட்டுத் தண்ணி குடுக்கிறது."

எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. இவ்வளவு சின்ன விசயமா அது? பெரிய தத்துவம் ஏதோ கிடக்கிறது என்றல்லவா பயந்துகொண்டிருந்தேன்!

பேரை நான்தான் சொல்லவேண்டுமா என்று திரும்பவும் எழுதிக் காட்டினேன். "தண்ணி உங்கட கையால போகுது, சொல்லும் உங்கட வாயால போகவேணும். ஏனெண்டு கேட்டா எனக்குந் தெரியாது. என்ட அப்பா அப்படித்தான் சொல்லித் தந்தவர்" என்றார். மந்திரத்தை என் ஃபோனில் பதிந்தும் தந்தார்.

கடையின் பின்னறையில், சாமான் பெட்டிகளுக்கு நடுவே இருந்து பாடமாக்கினேன். ஆச்சரியம் என்னவென்றால், அந்த ராகத்தோடு சொல்லும்போது நாக்கு தடக்கவே இல்லை. மந்திரத்தில் வரும் 'கோத்திர' என்ற சொல்லும் 'க' வரிசைதானே, அதுவும் வந்தது. அப்பாவின் பேரில் மட்டும் வண்டி நின்றது.

முதலாளி வந்து எட்டிப் பார்த்தார். அவர் கல்முனைக்குடி முஸ்லிம். "என்ன தம்பி, ஓதுறியா? என்ட மருமகன் ஒருத்தன் ஒன்ட மாதிரித்தான். கதைக்க ஏலாது, குர்ஆன் ஓதக்குள்ள தண்ணி மாதிரிப் போகும். அல்லாஹ்ட வேல! ஒனக்கும் வரும், பாரு" என்றார். தொடங்கின பேச்சை என்னை முடிக்கவிடாமல் தானே முடிப்பவர் அவர். அன்றைக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டார். பேர் வரும் இடத்தில் என் முகத்தைப் பார்க்காமல் ஒரு பெட்டியை இழுத்துத் தூசி தட்டினார்.

அந்தியேட்டியன்று காலை கடற்கரையில் நல்ல காற்று. அம்மா வீட்டிலேயே தலையைத் தடவி, "பயப்பிடாத மனே" என்று அனுப்பியிருந்தாள். ஐயர் சொல்லச் சொல்ல நானும் சொன்னேன். பின்னால் நின்ற சொந்தக்காரர் குசுகுசுப்பது கேட்டது: "இவனுக்கு வருதே!" கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"அப்பாட பேரச் சொல்லுங்க" என்றார் ஐயர்.

அடைத்துக்கொண்டது. கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, சத்தம் வரவில்லை. கடல் மட்டும் இரைந்தது. அத்தான் குனிந்து, பாவம், நல்ல மனதோடு, அப்பாவின் பேரைச் சொல்லிவிட்டுத் தர்ப்பைக்குக் கையை நீட்டினார்.

நான் கையை மடக்கிக்கொண்டேன். ஐயர் என்னைப் பார்த்தார். "மகன் சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டு, அலுக்காமல் முதலில் இருந்து தொடங்கினார். இந்த முறை பேரைச் சொல்லும்படி அவர் கேட்கவில்லை. தொடையில் மெல்லத் தாளம் தட்டிக்கொண்டே போனார். பேர் வரும் இடத்தில் தன் வாயை மூடி, தட்டுவதை விடாமல், அந்த இடத்தை எனக்கு விட்டார். எனக்கு வரவில்லை. திரும்பவும் முதலில் இருந்து. 'க' என்று பாதி வந்து உடைந்தது. சனம் பொறுமையிழந்து கால் மாற்றி நின்றது. ஐயருக்கு மட்டும் ஒரு அவசரமும் இல்லை. மூன்றாம் தரமும் அதே ராகம், அதே தட்டு.

வந்தது. அப்பாவின் பேர், முழுதாக, ஒரு சிராய்ப்பும் இல்லாமல், "அஸ்மத் பிதரம்" என்பதோடு சேர்ந்து போயிற்று. "தர்ப்பயாமி" என்று தண்ணீரை விட்டேன். அவசரத்தில் பாதி எள் மடியில் கொட்டுண்டது.

மூன்று தரம் விடவேண்டும். மூன்று தரமும் பேர் வந்தது.

"சரி தம்பி, போதும், காணும்" என்றார் ஐயர்.

எனக்குக் காணவில்லை. செம்பில் தண்ணீர் முடிந்த பிறகும், வெறுங்கையைச் சரித்துச் சரித்து, அப்பாவின் பேரைச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.