ஜாக்கி வீட்டு வாஷ்பேசின் குழாய்

டயர் கடையில் அவருக்குப் பேர் ஜாக்கி. சொந்தப் பேர் முதலாளிக்கே மறந்து போயிருக்கும். லாரிச் சக்கரத்து நட்டை அவர் ஒருதரம் இறுக்கினால், கழற்றவும் அவரையேதான் கூப்பிட வேண்டும். "நீ மாட்டினதா? அப்போ நீயே வந்து கழட்டு சாமி" என்று மற்ற ஆட்கள் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். அதில் அவருக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை.

வீட்டிலும் அதே கைதான். பாட்டில் மூடி, ஜன்னல் கொக்கி, வாஷ்பேசின் குழாய், எதைத் தொட்டாலும் லாரிச் சக்கரத்துப் பிடி.

அவர் மனைவிக்கு விரல் மூட்டெல்லாம் வீங்கிக் கோணிப்போயிருந்தது. திருகுக் குழாயை அந்த விரல்களால் அசைக்க முடியாது. காலையில் எழுந்ததும் குளியலறை வாசலில் வந்து நின்று, "பைப்பு" என்பாள். இவர் எழுந்து போய்த் திறந்துவிடுவார். நாள் முழுக்க அவர் காதில் விழுகிற அவள் குரல் அவ்வளவுதான்.

மகள் தன் இஷ்டத்துக்கு ஒருவனைக் கட்டிக்கொண்டு போனபோது, "அவளத் தலைமுழுகியாச்சு. இனிமே இந்த வீட்ல யாராவது அவ பேச்ச எடுத்தா நடக்கிறது வேற" என்று ஜாக்கி கத்தினார். மனைவி மகள் பேச்சை மட்டும் நிறுத்தவில்லை. எல்லாப் பேச்சையும் நிறுத்திவிட்டாள். சாப்பாடு மேசைக்கு வரும், காபி கட்டிலுக்கு வரும், பேச்சு மட்டும் வராது. கத்திப் பார்த்தார், கெஞ்சாத குறையாக நின்றும் பார்த்தார். சுவர்தான் கேட்டது. பிறகு விரல் வீங்கியது. ஒருநாள் காலையில் "பைப்பு" என்று ஒரு சத்தம் வந்தது. அன்றைக்கு அவர் கடைக்குச் சிரித்துக்கொண்டே போனார்.

அதிலிருந்து ராத்திரி படுக்கப் போகும்முன் குழாயை இன்னும் ஒரு முறுக்கு முறுக்கி வைப்பார். தண்ணீர் சொட்டக் கூடாது, அதற்காகத்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வார். டாக்டரம்மா, "திருகுற குழாய மாத்திடுங்க, லீவர் போடுங்க. மணிக்கட்டாலயே தூக்கிக்குவாங்க" என்று சொன்னபோது ஆகட்டும் என்று தலையாட்டினார். மருந்தை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அந்த ஒரு முறுக்கு ஒருநாள் அதிகமாகிவிட்டது. மரை தேய்ந்து, திருகு தனியாகக் கையோடு வந்தது. கீழே இருக்கிற வால்வை அடைத்துவிட்டுப் படுத்தார்.

காலையில் அவள் வந்து நின்றாள். குழாயின் மொட்டைத் தலையைப் பார்த்தாள். கூப்பிடவில்லை. வாளியில் இருந்த தண்ணீரை, இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் மக்கை இடுக்கி மொண்டாள். பாதி முகத்துக்குப் போனது, பாதி கழுத்துக்குக் கீழே துணியெல்லாம் நனைத்தது. கட்டிலில் கிடந்த ஜாக்கி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பழைய குழாயைக் கழற்றிக் கொண்டுபோய்க் குழாய்க் கடை மேசைமேல் வைத்தார். "இதே மாதிரி ஒண்ணு."

"அட, இதுக்கு எங்கப்பாவத்தான் எழுப்பிக் கேக்கணும்!" கடைக்காரர் சிரித்துக்கொண்டே லீவர் குழாய் ஒன்றை எடுத்து வைத்தார். "இத பாருங்கண்ணே. முழங்கையால ஒரு தட்டு தட்டினாப் போதும். இந்தக் கடையில என் பேச்சக் கேக்குற ஒரே சாமான் இதுதான்."

"திருகுறது இல்லியா?"

"இருக்கு, தரேன். உங்களுக்கென்ன, கருங்கல்லையே பிழியற கை."

திருகுக் குழாய் வந்தது. ஜாக்கி திருகிப் பார்த்தார். கெட்டியான மரை, கைக்கு அடக்கமாக இருந்தது. "கட்டு" என்றார். கடைக்காரர் பெட்டியில் போட்டு மூடியும் விட்டார்.

"இரு, இரு." ஜாக்கி லீவர் குழாயைத் தன் பக்கம் இழுத்தார். விரல்களை மடக்கிக்கொண்டு, வெறும் மணிக்கட்டால் தூக்கினார். தூக்கியது. இறக்கினார். திரும்பத் தூக்கினார்.

"என்னண்ணே, பொம்மை கணக்கா வெளையாடுறீங்க?"

"இதையே குடு" என்றார்.

சாயங்காலம் டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு பேசினுக்கு அடியில் மல்லாந்து படுத்தார். அடியிலிருந்து நட்டை ஏற்றும்போது மேலே குழாய் சுற்றியது. டார்ச்சைக் கையில் எடுத்துக்கொண்டு, "கொஞ்சம் புடிச்சுக்கோ" என்று பொதுவாகச் சொன்னார். அவள் காலடி வந்து நின்றது.

"நேரா இருக்கா பாரு."

"சொவத்துப் பக்கம் கொஞ்சம்."

"இப்போ?"

"ம்."

ஏற்றிய நட்டை அவரே இளக்கினார். மறுபடி மெதுவாக ஏற்றினார். "இப்போ நேரா இருக்கா?"

"அப்பவே நேராத்தான் இருந்துச்சு."

ஸ்பேனரைப் போட்டு ஒரு சுற்று இறுக்கினார். கை பழக்கத்தில் அடுத்ததற்குப் போனது.

"போதும் விடுங்க! பீங்கான் ஒடஞ்சிடும். எதத் தொட்டாலும் ஒடையற வரைக்கும் இறுக்கணுமா?"

கை நின்றுவிட்டது. அடியிலிருந்து பார்த்தால் அவள் பாதங்கள் மட்டும்தான் தெரிந்தன. மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டிருக்கலாம். கேட்கிற நேரம் அதுதான் என்று அவருக்கே தெரிந்தது.

"தொறந்து பாரு" என்றார்.

மணிக்கட்டால் தூக்கினாள். தண்ணீர் கொட்டியது. மணிக்கட்டால் இறக்கினாள், நின்றது. பாதங்கள் திரும்பிப் போயின.

மறுநாள் விடிகாலையிலேயே ஜாக்கிக்கு விழிப்பு வந்துவிட்டது. செருப்புச் சத்தம் குளியலறை வரை போயிற்று. காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தார். வாசலில் செருப்பு நிற்கவில்லை. தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"நல்லா வருதா?" என்று இங்கிருந்தே கேட்டார்.

தண்ணீர் நின்றது. கொடியிலிருந்து துண்டை உருவும் சத்தம் கேட்டது. அவள் கட்டிலைத் தாண்டி அடுப்படிக்குப் போனாள். நேற்றுப் போல இல்லாமல், துணி நனையாமல் முகம் கழுவியிருந்தாள்.

ஜாக்கி எழுந்து போனார். தண்ணீரைத் திறந்து முகத்தைக் கழுவினார். மூடும்போது கை தானாக முறுக்கப் போனது. ஒரு விரல் பட்டதுமே கைப்பிடி இறங்கி, தண்ணீர் நின்றுவிட்டது. விரலை எடுக்காமல் அங்கேயே நின்றார். அடுப்படியில் பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.