அப்பா டாக்டரிடம் சொன்ன பொய்

மூன்று வாரத்துக்கு முன் என் அப்பா டாக்டரிடம் ஒரு பொய் சொன்னார். என் எதிரிலேயே. என்னால்தான்!

அப்பா ரயில்வே ஆபீஸில் ரிடையராகி மைசூரிலேயே தங்கிவிட்டவர். தினமும் சாயங்காலம், “மல்லிகைக்குத் தண்ணி விட்டுட்டு வரேன்” என்று கொல்லைப்பக்கம் போவார். மழை கொட்டினாலும் போவார்! சமையலறை ஜன்னலில் அம்மா கிராம்பு வைத்திருப்பாள். திரும்பும்போது ஒன்றை வாயில் போட்டுக்கொள்வார். பெற்ற பெண்ணுக்குத் தெரிய அப்பா சிகரெட் பிடிக்கக்கூடாது. தெரிந்தாலும் பெண் கேட்கக்கூடாது. உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது இருக்குமே... இல்லையா?

அந்த அப்பாவுக்குத்தான் திடீரென்று சிறுநீரில் ரத்தம். வலி இல்லை, ஜுரம் இல்லை. “சூடும்மா. எளநீர் குடிச்சா சரியாப் போயிடும்” என்றார். பத்து நாளில் மறுபடி ரத்தம். ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டேன்.

டாக்டர் கன்னடக்காரர்; கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார். ஏதேதோ விசாரித்துவிட்டு, “ஸ்மோக் மாட்தீரா சார்?” என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். “சேச்சே! இல்லவே இல்ல.”

“அப்ப இன்ஃபெக்‌ஷனா இருக்கும். ஒரு மாசம் மாத்திரை எடுங்க. ஆமேலெ, அப்புறம் பார்ப்போம்” என்று டாக்டர் எழுத ஆரம்பித்தார்.

ஒரு மாதமா? கட்டியாக இருந்தால்? சிகரெட்டால் சிறுநீர்ப்பையிலும் கட்டி வரும் என்று எங்கோ படித்திருந்தேன். நான் உண்மையைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் அறுபத்தெட்டு வயது மனிதரை அடுத்தவர் முன்னால் பொய்யராக்குவதா? சொல்லாவிட்டால்... அதை நினைக்கவே பயமாக இருந்தது.

“ஸ்கூட்டரைப் பூட்டினேனான்னு ஞாபகம் இல்லப்பா. பார்த்துட்டு வரேன்” என்று எழுந்தேன். சாவி என் கையில்தான் இருந்தது. அப்பாவும் அதைப் பார்த்தார்.

வெளியே சாரல். சாமுண்டி மலை இருந்த இடத்தில் மேகம்தான் இருந்தது. மரத்திலிருந்து சிவப்புப் பூக்கள் ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல் விழுந்தன. ஒரு ஜட்கா வண்டி போயிற்று. குதிரையின் மணிச் சத்தம் தெருமுனை தாண்டியும் காதில் நின்றது. விழித்துக்கொண்டே தூங்குகிறேனா என்று தோன்றியது... அப்பாவின் சட்டையில் முகம் புதைத்துத் தூங்கிய நாட்கள். புகையிலையும் கிராம்பும் கலந்த அந்த வாசனையை, அப்பா என்றாலே இப்படித்தான் மணக்கும் என்று நினைத்திருந்தேன். ‘சொல்லிடுங்கப்பா, சொல்லிடுங்க’ என்று அந்த மூடிய கதவைப் பார்த்து வேண்டிக்கொண்டேன். எவ்வளவு நேரம் நின்றேனோ, தெரியாது.

உள்ளே போனபோது அப்பா சுவர்க் காலண்டரைத் தீவிரமாகப் படித்துக்கொண்டிருந்தார். மாத்திரைச் சீட்டில் குறுக்கே கோடு.

“லேட் பண்ண வேண்டாம்மா. டியூப் விட்டு உள்ளே பார்த்துடலாம்” என்றார் டாக்டர்.

பார்த்தார்கள். சிறுநீர்ப்பையில் சின்னதாக ஒரு கட்டி. எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

நேற்று ரிப்போர்ட். டாக்டர் கவரைப் பிரித்ததும் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்தேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“எங்கம்மா போறே? உக்காரு. எனக்கு பயமா இருக்கு.”

அப்பா வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. உட்கார்ந்துவிட்டேன்.

“கேன்சர்தான் சார்” என்றார் டாக்டர். “ஆனா ஆரம்பம். ஆழமா போகல. எடுத்தாச்சு. மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டணும். சிகரெட்? கண்டிப்பா கூடாது.”

“அதைத் தொட்டு ரெண்டு வாரமாச்சு டாக்டர்.” என் எதிரிலேயே சொன்னார்!

“நிஜமாவாப்பா?” என்றேன். கேட்கவே கூடாத கேள்வி. வாயில் வந்துவிட்டது.

அப்பா என் மணிக்கட்டை விட்டார். “நடுவுல... மூணே மூணு” என்றார்.

டாக்டர் திட்ட ஆரம்பித்தார். எனக்கோ, அந்த மூன்றுக்காக அப்பாவைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது!